குழாயில் பிறக்காத பிஞ்சுகள்

அந்த மருத்துவமனை லேபில் அவளுக்குச் ‘சக்கரம்’ என்று பெயர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பதன் சுருக்கம். ஒரு கை ரத்தம் எடுத்த குழாய்க்கு லேபிள் ஒட்டும்போதே மறு கை அடுத்த குழாயைத் தேடும். அவள் உட்கார்ந்து டீ குடித்ததை யாரும் பார்த்ததில்லை. குடித்து மீந்த பாதி எங்காவது ஜன்னல் ஓரத்தில் ஆறிக் கிடக்கும். மைக்ரோஸ்கோப்பின் முன்னால் மட்டும் அடங்குவாள். அதற்காகத்தான் இவளைப் பொறுத்துக்கொள்கிறேன் என்பார் லேப் டாக்டர். பாதி கிண்டல், பாதி நிஜம்.

அவளுக்கு ஒரே அக்கா. தையல் கூடத்தில் காலர் தைப்பவள், தனியாக இருப்பவள், பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள். மெஷின் ஊசி உடைந்து விரலில் ஏறி, விரல் வீங்கி, காய்ச்சல் வந்த பிறகும் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தாள். தங்கையின் நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் இறங்கி வந்தாள்: “ரத்தத்த நீயே எடு, நீயே பாரு. நீ சொன்னா வர்றேன். வேற யாரு சொன்னாலும் வரமாட்டேன்.”

வேலைக்குப் போகும் வழியில் சக்கரம் அக்காவின் ரத்தத்தைக் குழாயில் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். லேபுக்குள் நுழைந்ததும் அணுக்களை எண்ணும் இயந்திரம் மக்கர் செய்கிறது என்றார்கள். அதற்கு ஓடினாள்; அங்கிருந்து வார்டுக்கு, வார்டிலிருந்து ஸ்டோருக்கு. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தேடும்போதுதான் அக்காவின் ரத்தக்குப்பி போல அந்தக் குழாய் கையில் தட்டுப்பட்டது. ஊருக்கெல்லாம் ஓடியவள் உடன்பிறந்தவளை மறந்துவிட்டாள்.

அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது. காலையில் சரிசெய்த இயந்திரத்தில் வைத்தாள், வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஸ்லைடு போட்டுப் பார்த்தாள். அணுக்களுக்குள் சின்னச் சின்ன ஓட்டைகள். கிருமியை விழுங்கும் வெள்ளை அணுவில் இப்படி ஓட்டை விழும். ஆனால் எடுத்து நேரமாகிவிட்ட பழைய ரத்தத்திலும் விழும், அது லேபில் பாலபாடம். எல்லாம் தன் மறதி போட்ட ஓட்டை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியதில் ஒரு நிம்மதியும் கிடைத்தது. உடனே போனில் சொன்னாள்: “பயப்பட ஒன்னுமில்லக்கா. மாத்திரைய போட்டுட்டுத் தூங்கு. நாளைக்கு மறுபடி எடுத்துப் பாக்கலாம்.”

சொன்ன பிறகும் இருப்புக் கொள்ளவில்லை. கழுவின கையையே மறுபடி கழுவினாள். ஓட்டையைப் பார்த்த அவசரத்தில் அணுவின் கருவைப் பார்த்தோமா? ஞாபகம் இல்லை. ஸ்லைடை மறுபடி எடுத்து வைத்தாள்.

முற்றிய வெள்ளை அணுவின் கரு மூன்று நான்கு கணுவாகப் பிரிந்திருக்கும். இங்கே பலவற்றில் அது பிரியாமல், லாடம் போல வளைந்தே கிடந்தது. லேபில் இவற்றைப் பிஞ்சு என்பார்கள். இன்னும் எலும்புக்குள் வளர்ந்துகொண்டிருக்க வேண்டியவை. கிருமி மிஞ்சி, முற்றியவை எல்லாம் புண்ணுக்குப் போய் மடியும்போது, எலும்பு இருக்கிற பிஞ்சுகளையும் சண்டைக்கு அனுப்பிவிடும். அவையும் கிருமியைக் கொல்லும் கரும்பொடியை வயிறு நிறைய அடைத்துக்கொண்டு கிளம்பிவரும். அதனால்தான் தலைக்கணக்கு சரியாக இருந்தது. ஆனால் வரிசையில் நின்றவர்கள் பிள்ளைகள்.

குழாயில் கிடந்தால் ரத்தத்தில் ஓட்டை விழும். பிஞ்சு பிறக்காது.

போன் அடித்தாள். அக்கா எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள், தூங்கச் சொன்னதே இவள்தானே. ஸ்லைடைப் பார்த்த லேப் டாக்டர், உடனே கூட்டி வா, வார்டில் நான் சொல்லிவைக்கிறேன் என்றார். அவர் முடிப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

கதவை இடித்து இடித்துக் கை வலித்தபோது அக்கா திறந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

“ஒன்னுமில்லன்னியே?”

“தப்பா சொல்லிட்டேன்க்கா. கிளம்பு.”

ஏன், எதற்கு என்று உலகத்தையே கேட்பவள், மறுபேச்சில்லாமல் செருப்பைத் தேடினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் சக்கரத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. சில நாள் மருந்து இறங்கிய பிறகு காய்ச்சல் விட்டது, விரல் வீக்கமும் வற்றியது. மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றபோது, சக்கரம் வேறொரு லேப்காரரை அனுப்பிவிட்டுக் கதவோரம் நின்றாள். அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

“அவ எடுக்கட்டும்.”

“பையில போட்டு மறந்தவக்கா நான்.”

“கதவ இடிச்சவளும் நீதானே. எடு.”

எடுத்தாள். பையிலும் போடவில்லை, சட்டைப்பையிலும் போடவில்லை. கைக்குள் மூடிக்கொண்டு நேராக லேபுக்கு நடந்தாள். வழியில் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. ஸ்லைடில் பிஞ்சுகள் ஏறக்குறைய இல்லை. கருவெல்லாம் கணுக்கணுவாக முற்றியிருந்தது. அழுகை வந்தது, உட்கார்ந்தபடியே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தரம் பார்த்தாள்.