இடப்பக்கத்துப் பால்

என் மகள் வலப்பக்கம் குடித்தாள். இடப்பக்கம் வைத்தால் உடம்பை வில்லாக வளைத்து வீறிட்டாள். பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எங்களுக்குத் தெரிந்த முதல் அறிகுறி அதுதான்.

இதேபோல் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மகள் நன்றாக இருக்கிறாள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நீங்கள் இதைப் படிக்க வேண்டாம்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரத்தில். நான் சங்கராபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். எனக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவம் முடிந்து புருஷன் வீட்டுக்கே வந்தேன். பார்த்துக்கொள்ள வந்தவர் என் வீட்டுக்காரரின் அக்கா, செல்வி அண்ணி. குணத்தில் தங்கம். வாயைத் திறந்தால் பக்கத்துத் தெரு ஆடு மிரளும்.

குழந்தை ஒரு பக்கத்தை மறுக்கிறது என்றதும் அண்ணி தீர்ப்புச் சொல்லிவிட்டார், அந்தப் பக்கத்துப் பால் கெட்டுப்போயிருக்கிறதாம். சோதனையும் செய்தார். பிள்ளைக்குப் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தில் இடப்பக்கத்துப் பாலைப் பீச்சச் சொல்லி, ஒரு கட்டெறும்பைப் பிடித்து அதில் போட்டார். எறும்பு தத்தளித்துச் செத்தது. எங்கள் பக்கத்தில் இது பழைய வழக்கம். எறும்பு செத்தால் பால் ஆகாது.

பாலில் விழுந்த எறும்பு நீந்தியா கரையேறும்? வலப்பக்கத்துப் பாலிலும் ஒன்றைப் போட்டுப் பாருங்கள் என்றேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நல்ல பாலை இன்னாத்துக்குடி வீணாக்கணும்?”

இப்படிப்பட்டவரிடம் என்ன வாதம் செய்வது? சிரித்துவிட்டேன். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. குடிக்காத பக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டு, தொட்டால் உயிர் போனது. காய்ச்சல் வந்தது. மகளும் ஒரு பக்கம் மட்டும் குடித்து, குடிக்கும்போதே களைத்துத் தூங்கிப்போனாள். கிராம நர்ஸ் எடை பார்த்தபோது ஏறவே இல்லை. நர்ஸ் உடனே கள்ளக்குறிச்சிக்குப் போகச் சொன்னார். அண்ணியோ பவுடர் பால் டப்பா வாங்கி வரச் சொன்னார். கூடவே ஒரு முழம் மல்லிகைப்பூவும் வந்து சேர்ந்தது. மார்பில் பூ வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பார்கள்.

என் பிள்ளைக்கு நான் கொடுக்கக்கூடியதில் பாதியை என் கையாலேயே வற்ற வைப்பதா? அந்தப் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வீட்டுக்காரரையும் கிளப்பி, கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டரம்மா பாலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஜையில் கிடந்த குழந்தையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பாப்பா எப்பவும் இடப்பக்கமே பாத்துக்கினு இருக்குமா?”

ஆமாம் என்றேன். தூளியில் கிடந்தால் வாசல் அந்தப் பக்கம்தான், வெளிச்சத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தோம். டாக்டர் தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பியதும் வீறிட்டாள். டார்டிகோலிஸ் (கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகி, தலையைத் திருப்ப முடியாத நிலை) என்றார். மடியில் போட்டு என் இடப்பக்கத்தில் கொடுத்தால், குடிக்க அவள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பினால் வலி. அவ்வளவுதான் விஷயம். எனக்கு வந்திருந்தது மாஸ்டைடிஸ் (பால் தேங்கி மார்பு வீங்கிக் காய்ச்சல் அடிப்பது). மாத்திரை எழுதிக்கொடுத்து, எந்தக் காரணத்துக்காகவும் அந்தப் பக்கத்தை வற்ற விடாதே என்றார்.

பிறகு பிசியோதெரபிஸ்ட் (தசைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்) ஒரு பெண், என் கையைப் பிடித்துத் தடவக் கற்றுக்கொடுத்தார். நகத்தை வெட்டி, கையைத் தேய்த்துச் சூடாக்கி, துளி தேங்காய் எண்ணெய். பால் குடித்த உடனேயும் கூடாது, பசியில் கத்தும்போதும் கூடாது. முதலில் உள்ளங்கால், முதுகு, தோள். பிறகு வலது காதின் பின்புறத்திலிருந்து காறை எலும்புவரை விரல் நுனியால் மெதுவாக. கன்னத்திலிருந்து உதட்டை நோக்கி, உதட்டைச் சுற்றி. அழுதால் கையை எடுத்துவிட வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்று கேட்டேன்.

“கண்ணை மூடி இமை மேல விரல் வெச்சிப் பாருங்க. வலிக்காம எவ்ளோ அழுத்துவீங்களோ, அவ்ளோதான்.”

நீங்கள் செய்வதானால் ஒரு வேண்டுகோள். படித்துவிட்டுச் செய்யாதீர்கள், டாக்டரிடம் காட்டி, கற்றுக்கொண்டு செய்யுங்கள். கழுத்து விளையாட்டுக் காரியம் இல்லை.

கழுத்து சரியாகும்வரை, இடப்பக்கம் கொடுக்கும்போது கூடையை இடுக்குவதுபோல் என் கைக்கடியில் குழந்தையை வைத்து, கால் பின்னால் போகும்படி பிடிக்கச் சொன்னார். அப்படிப் பிடித்தால் அவள் தனக்கு வசதியான பக்கமே பார்த்துக் குடிக்கலாம். அன்றே கொஞ்சம் குடித்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

வீட்டில், வாசல் அவளுக்கு வலப்பக்கம் வரும்படி தூளியில் தலைமாட்டை மாற்றினோம். அண்ணி பிள்ளையைக் குளிப்பாட்டினால் சுளுக்கெடுப்பதுபோல் உருவுவார். அவருக்கு என் தடவலைப் பார்த்துத் தாங்கவில்லை.

“இன்னாடி, ஈ ஓட்டுற மாதிரி தடவிக்கினு இருக்க? இதுக்கா பஸ் சார்ஜ் குடுத்துப் போனீங்க?”

நான் விடவில்லை. தினமும் செய்தேன். கழுத்தில் முதலில் கல்லைத் தடவுவதுபோல் இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. என் விரலுக்கே அது தெரிந்தது. வாயைச் சுற்றித் தடவினால் நாக்கை நீட்டித் தேடுவாள். ஆனாலும் தானாக வலப்பக்கம் திரும்ப மாட்டாள். அந்தப் பக்கமிருந்து சத்தம் காட்டச் சொல்லியிருந்தார்கள். கிலுகிலுப்பை, கைதட்டல், வீட்டுக்காரரின் விசில், எதற்கும் மசியவில்லை.

ஒரு மத்தியானம், தடவி முடித்து, சாதாரணமாக மடியில் போட்டு இடப்பக்கம் வைத்திருந்தேன். வழக்கம்போல் என்னை விட்டு இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். காயப்போட்ட மரவள்ளிச் சில்லில் ஆடு வாய் வைத்ததோ என்னவோ, என் முதுகுக்குப் பின்னாலிருந்து அண்ணி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள். குழந்தை வெடுக்கென்று என் பக்கம் திரும்பினாள். அண்ணியைத் தேடி வந்த முகத்தில் என் மார்பு இடித்தது. கவ்விக்கொண்டாள்.

அண்ணி எட்டிப் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

“ஏய், குடிக்கிறாடி.”

எடை ஏறியது. அண்ணி இப்போது தெருவில் புதிதாகப் பிள்ளை பெற்றவளிடமெல்லாம், தானே கண்டுபிடித்த வைத்தியம்போல, பிள்ளையின் கழுத்தைப் பார்க்கச் சொல்கிறார். சொல்லட்டும், நல்லதுதானே.

நான் கடைக்குத் திரும்பிவிட்டேன். அங்கே சுவரில் கடிகாரம் இருக்கிறது, நான் பார்ப்பதில்லை. மார்பு கனத்தால் அவளுக்குப் பசி என்று அர்த்தம். என் உடம்பு என்னுடையது என்றுதான் கல்யாணத்துக்கு முன்பு நினைத்திருந்தேன், பிறகு ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்லும் பொருளாக ஆகியிருந்தது. இப்போது அது சொல்வதை நானே கேட்டுக்கொள்கிறேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நிற்கும்போது ஜாக்கெட் நனைகிறது. எப்போதும் இடப்பக்கம்தான் முதலில். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, வரிசையில் நிற்பவர்களிடம் கொஞ்சம் பொறுங்கள், முதலாளி வந்து எடுப்பார் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கிளம்புகிறேன்.