கண்வலி விதையும் அப்பாவின் கட்டைவிரலும்

பழைய பாட்டுகளில் பெண்களின் விரலுக்கு உவமையாக வந்த செங்காந்தள், மூலனூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கண்வலிச் செடி என்ற பெயரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. ஆடு அதை மோந்துகூடப் பார்க்காது. காலையில் வெயில் ஏறுவதற்குள் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தொட்டுவைக்க வேண்டும். தேனீயை நம்பினால் காய் சரியாகப் பிடிக்காது. அந்த வேலையை அப்பா ஆளிடம் விடமாட்டார். எனக்கு மாப்பிள்ளை பார்த்ததைவிட அதிகக் கவனத்தோடு அந்தப் பூக்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்.

விதையை வியாபாரி வாங்கிப் போவார். அதிலிருந்து கோல்சிசின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்து எங்கேயோ மாத்திரை செய்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் பி.பார்ம். படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பாடம். அப்பாவுக்கு அது மகசூல். என் நிச்சயத்துக்கு முதல் நாள் அவருடைய கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கியபோதுதான் இரண்டும் ஒன்றாயிற்று.

கௌட் என்னும் மூட்டுவாதம் என்றார் தாராபுரத்து டாக்டர்; அதே கோல்சிசின் மாத்திரையை எழுதிக்கொடுத்தார். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்துவிடும். உடனே வெள்ளையணுக்கள், பங்காளிச் சண்டைக்குக் கிளம்பிய கூட்டமாய் அங்கே திரண்டுவந்து வலியைப் பல மடங்காக்கும். அவை நகர்வதற்கு அவற்றுக்குள் மெல்லிய இழைகள் வேண்டும். கோல்சிசின் அந்த இழைகளைச் சேரவிடாது. கூட்டம் வராது, வலி அடங்கும். சிக்கல் என்னவென்றால், குடலின் உள்தோல் தன்னை அன்றாடம் புதுப்பித்துக்கொள்வதற்கும் அதே இழைதான் வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் டாக்டர்கள் அளவு சொன்ன விதமே அலாதி.

"மணிக்கு ஒரு மாத்திரை போடுங்க. வலி நிக்கோணும், இல்லாட்டி வயித்தால போகோணும். எது முன்னால வந்தாலும் அதோட நிறுத்திப்போடுங்க."

அப்பாவின் கவலை வேறு. பெண்ணின் தகப்பன் நொண்டுவதைப் பார்த்தால், வாதம் பிடித்த குடும்பம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். நான் பாடப்புத்தகத்தைக் காட்டி எச்சரித்தேன். "நம்ம காட்டுல வெளஞ்ச சரக்கு கண்ணு, நம்மள என்ன பண்ணிப்போடும்?" என்று மாத்திரை அட்டையை வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

மறுநாள் திருப்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். அப்பா செருப்பு மாட்டி, நேராக நடந்துபோய் வரவேற்றார். சற்று நேரத்தில், "மோட்டாரப் பாத்துப்போட்டு வாரனுங்க" என்று தோட்டத்துக்குப் போனார். வந்து உட்கார்ந்தார். மறுபடியும் மோட்டார். மறுபடியும் மோட்டார். "விசேசத்தன்னிக்கும் வெள்ளாமைய உடமாட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா மெச்சினார். பட்டுப்புடவையில் பொம்மையாக உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து கரண்டே இல்லை.

அப்பாவின் முகம் வெளுத்து, உதடு காய்ந்திருந்தது. அந்த நிலையிலும் மடியிலிருந்து இன்னொரு மாத்திரையை எடுத்தார். எங்கள் பக்கத்து ஆண்கள் செத்தாலும் சாவார்களே தவிர, விருந்தாளி முன்னால் வயிறு சரியில்லை என்று சொல்லமாட்டார்கள். அந்த மரியாதையில் தீயை வைக்க! அளவு மீறினால் முதலில் குடல், அப்புறம் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று வரிசையாகப் போகும். மாற்று மருந்து கிடையாது.

"ஏனுங்கப்பா, வயித்தால போகுதுங்களா?" என்று சபை நடுவே கத்தினேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா என்னை முறைத்தார். முறைத்தபடியே நாற்காலியில் சரிந்தார். நான் ஓடிப்போய் மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வேனை எடுக்கச் சொன்னேன். நிச்சயத்தன்று இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். மாப்பிள்ளையின் அம்மா அந்தத் தட்டை இழுத்து, ஒரு சொம்புத் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப்போட்டு, உப்பைக் கிள்ளிப்போட்டு, கையாலேயே கலக்கி அப்பாவின் வாயில் வைத்தார்.

"குடிங்கண்ணா, வெக்கப்பட இது நேரமில்லீங்க."

டாக்டர்கள் பல நாள் வைத்திருந்து அவரைப் பிழைக்கவைத்து அனுப்பினார்கள். ஆனால் அன்று சாயங்காலம் அது யாருக்கும் தெரியாது. நிச்சயம் ஆயிற்றா, இல்லையா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். "உப்பும் சக்கரையும் சம்பந்தி வயித்துக்குள்ளயே போயிருச்சு, இன்னும் என்னத்த மாத்தறதுங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஒரே போடாகப் போட்டார்.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாப்பிள்ளையின் அப்பா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து அப்பா மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சம்பந்தி, கொஞ்சம் கைத்தாங்கலாப் புடிங்க. மறுக்காப் போகோணும்."