காப்புக் கட்டிய ஊரில் ஊசி

அன்று காலை கடலில் ஒரு வள்ளம்கூட இல்லை. உப்பூருக்குக் கிழக்கே இருக்கும் இந்த மீன்பிடிக் குடியிருப்புக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. காற்று மாறி அடிக்கும் மாதத்தில்கூடத் தூரத்தில் நாலு பாயாவது தெரியும். அன்று எல்லா வள்ளங்களும் மணலில் ஏறிக் கிடந்தன. வெயில் ஏறுமுன்பே ஆண்கள் பூவரச நிழலில் சீட்டைப் போட்டிருந்தார்கள். முந்தின நாள்தான் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். இனித் தீ மிதிக்கும் நாள் வரை ஊரில் பிறந்தவர்களோ ஊருக்கு வாழ வந்தவர்களோ எல்லையைத் தாண்டக்கூடாது. கடலும் எல்லைக்கு வெளியே என்றுதான் கணக்கு. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போதுதான் அது பளிச்சென்று பட்டது. மொத்த ஊரும் கைக்கெட்டும் தூரத்தில் அடைந்து கிடக்கிறது. அம்மை குத்துவதற்கு இதைவிட நல்ல வாரம் எது?

பினாங்கில் இருக்கும் உங்களுக்கு இதில் என்ன பெரிய யோசனை என்று தோன்றும். அங்கே அம்மை குத்த வருகிறார்கள் என்றால் நாம் பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையாக நிற்போம். சட்டைக் கையை நாமே சுருட்டிவிட்டு, முறை வந்ததும் கையை நீட்டுவோம். பாசாரில் மீன் வாங்க நிற்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இங்கே கையை யாரும் நீட்டுவதில்லை. மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த அம்மை குத்தும் ஊழியர் ஜெயராமன் சார் தினமும் தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூடக் கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். பெண்களின் கையை ஓர் ஆண் தொட முடியாதே என்று என்னை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். அவர் வரும் நேரம் ஆண்கள் கடலில் இருப்பார்கள்; அவர்களைக் கேட்காமல் பெண்கள் வரமாட்டார்கள். ஆண்கள் கரையேறும் நேரம் அவர் கிளம்பிவிடுவார். ஒரு மாதமாக நாங்கள் இருவரும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அதற்குள் தெற்கே பனங்காட்டைத் தாண்டி இருக்கும் குடியிருப்பில் அம்மை கண்டு, அங்கிருந்து இரண்டு சின்னப் பாடைகள் போனதாகச் செய்தி வந்துவிட்டது.

இங்கே அதை அம்மை என்றுகூடச் சட்டென்று சொல்லிவிட முடியாது. வந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பெண் முகமெல்லாம் கொப்புளமாக வாழையிலையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "அத்தை, அவங்களுக்கு என்ன சீக்கு?" என்று என் மாமியாரிடம் கேட்டேன். அத்தை என் வாயிலேயே ஓங்கி அறைந்தார். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது.

"சீக்குங்கிற. ஆத்தா எறங்கியிருக்கான்னு சொல்லு. அவ காதுல விழுந்துச்சு, ஒங் கண்ணத் தோண்டிட்டுப் போயிருவா."

போனது அந்தப் பெண்ணின் கண்தான். அத்தை கெட்டவர் இல்லை. அன்று சாயங்காலம் என் உதட்டுக்கு வெண்ணெய் தடவிவிட்டவரும் அவரே. என் கணவர் பாம்பனில் ரயில்வே வேலையில் இருக்கிறார்; மாதம் ஒரு முறை வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் அத்தை, கொழுந்தன் கருப்பையா, அவன் மனைவி வள்ளி, அவர்களுடைய ஐந்து மாதப் பயல், அப்புறம் நான். வள்ளிக்கு முதல் குழந்தை தங்கவில்லை. இந்தப் பயல் கொஞ்சம் தும்மினாலும் மாரில் அணைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பாள். அவன் கையில் அம்மை வராமல் தடுக்கும் அம்மைப்பாலை வைத்துவிட வேண்டும் என்று நான் ஒரு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தேன்.

என் யோசனையைக் கேட்டதும் ஜெயராமன் சார் தலையை ஆட்டினார். "காப்புக் கட்டுன ஊரும்மா. திருவிழா முடியட்டும்."

"அதுக்குள்ள தெக்க இருக்கறது இங்க வந்துடும் சார். எங்க ஊர்ல திருவிழான்னாலே ஊசிதான். கன்னத்துல வேல், முதுகுல கொக்கி. சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல."

"ஒங்க ஊரு சாமி கப்பலேறுன சாமிம்மா. எதுக்கும் பழகியிருக்கும்," என்று சிரித்தார். ஆனாலும் பெட்டியைத் திறந்தார். இங்கேயும் கடைசி நாளில் அலகு குத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான். அலகில் ரத்தம் வராது. காப்புக் கட்டிய பிறகு ஊர் மண்ணில் ஒரு சொட்டு ரத்தம் விழக்கூடாது; கோழி அறுப்பதையும் மீன் அரிவதையும்கூட நிறுத்திவிடுவார்கள். வீட்டில் அந்த வாரம் அரிவாள்மனையைக் கழுவிக் கூரை இறவாணத்தில் செருகி வைத்திருந்ததை நானும்தான் பார்த்தேன். விரதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆண்கள் சீட்டாட்ட மயக்கத்தில் "போங்க, போங்க" என்று கையசைத்துவிட்டார்கள். ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். முதலில் ராக்காயி உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்து, பயலை இடுப்பில் வைத்துக்கொண்டு வள்ளி. நான் ராக்காயியின் கையைப் பிடித்துக்கொண்டேன். சார் அம்மைப்பாலைத் தடவி, பல் வைத்த சின்ன வட்டக் கத்தியை அதன்மேல் வைத்து ஒரு திருகு திருகினார். அவள் கையை வெடுக்கென்று இழுத்தாள். கத்தி ஆழப் பட்டுவிட்டது. ரத்தம் முட்டி வழிந்து முழங்கையில் தொங்கி மண்ணில் விழுந்தது. ராக்காயி கூச்சல் போடவில்லை. கீழே பார்த்தபடி, "ரத்தம் விழுந்துருச்சு," என்றாள். அவ்வளவுதான். வரிசை கலைந்தது. வள்ளி பயலின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு ஓடினாள்.

பூவரச நிழலிலிருந்து ஆட்கள் வந்தபோது கையில் துடுப்பும் பனைமட்டையும் இருந்தன. சார் பெட்டியைக் காப்பாற்றக் கையை நீட்டினார். அந்தக் கையின்மேல் துடுப்பு விழுந்தது. மணிக்கட்டு ஒடிந்த சத்தத்தை என் காதால் கேட்டேன். அவர் விழுந்த பிறகும் மட்டை ஓயவில்லை. அம்மைப்பால் இருந்த கண்ணாடிக் குழல்களை ஒருவன் வெறுங்காலால் மிதித்து நசுக்கினான். அவன் பாதம் கிழிந்து மேலும் ரத்தம் விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. என் தலைமயிரைக் கொத்தாகப் பற்றியது யார் என்று திரும்பிப் பார்த்தேன். கருப்பையா.

"ஊரு முறை தெரியாத முண்ட. எங்கண்ணன் கப்பல்ல ஏத்திக் கொண்டாந்துச்சு பாரு."

கொட்டகையிலிருந்து கோயில் வாசல் வரை மணலில் இழுத்துக்கொண்டு போனான். தலைத்தோல் ஓரிடத்தில் பிய்ந்து வந்துவிட்டது. அத்தை விளக்குமாற்றால் முதுகில் அடித்தார். பெண்கள் துப்பினார்கள். கடைசியில் ஊர்த் தலைவரான அம்பலம் எழுந்து வந்து, "விடுங்கப்பா. பினாங்குக்காரிக்கு இங்கன என்ன தெரியும்? அவள அடிச்சு என்ன ஆகப்போகுது?" என்றார். அதனால்தான் உயிரோடு இதை எழுதுகிறேன்.

சாயங்காலம் வள்ளிதான் என் தலைக்கு மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டாள்.

"ஆத்தாளுக்குக் கோவம் வந்துருச்சுல்லக்கா. பயல என்ன செய்வாளோ."

"ஆத்தாவும் இல்ல, கோவமும் இல்லடி. ஒருத்தர்கிட்டயிருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கிறது. கிட்டப் போகாம இருந்தா போதும்."

"கிட்டப் போகாட்டித்தான் கோவிப்பாக்கா. எம் பொறந்த வீட்டுல, எந் தங்கச்சி மேல எறங்கி ஒக்காந்திருக்காளாம். அவ இருக்கற வீட்டுலயே போயி விழுந்துட்டா விட்டுருவா." தெற்குக் குடியிருப்புதான் வள்ளியின் பிறந்த ஊர். பயத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்து, தலை வலியோடு சிரித்து வைத்தேன்.

மறுநாள் போலீஸ் வந்தது. ஊசிக்காரர்கள் நாலு பேரும் ஓர் அதிகாரியும் கூடவே வந்தார்கள். கதவைத் தட்டவில்லை, உதைத்தார்கள். கிழவர்களை முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். குழந்தைகளை ஒரு போலீஸ்காரர் தலைகீழாகத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் கையைத் திருகிக் கொடுத்தார். ஓடியவர்களைத் தடியால் முழங்காலில் அடித்து விழவைத்து, விழுந்த இடத்திலேயே கத்தியைத் திருகினார்கள். ஒரு சொட்டுக்காக நேற்று அத்தனை அடி. இன்று தெருவெல்லாம் ரத்தம். அத்தை மாரில் அடித்துக்கொண்டு மண்ணை அள்ளி அதன்மேல் போட்டபடி ஓடிக்கொண்டிருந்தார்.

கருப்பையாவை மூன்று பேர் மல்லாக்கத் தள்ளி, ஒருவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றினார். விலா எலும்பு அப்போதே போய்விட்டது. அதிகாரி என்னைப் பார்த்து, "நீ உதவியாளர்தானே, கையைப் பிடி," என்றார். என் தலை எரிந்துகொண்டிருந்தது. என் முழு பாரத்தையும் போட்டு அவன் கையை மண்ணோடு அழுத்தினேன். சந்தோஷமாகத்தான் அழுத்தினேன். அவன் என் முகத்தில் துப்பினான். துடைத்துவிட்டு, "அடுத்து உள்ள ஒரு கைக்குழந்தை இருக்கு சார், அதுக்கு மட்டும் நான் வைக்கிறேன்," என்று வீட்டுக்குள் போனேன். கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. சேலைத் தொட்டிலில் பயல் இல்லை. வள்ளியும் இல்லை. பனங்காட்டைப் பார்த்து மணலில் காலடிகள் போயிருந்தன.

காப்பையும் மீறி, அவள் எங்கே போயிருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். போய் அழைத்துவரத்தான் யாரும் இல்லை. போலீஸ் அத்தோடு வண்டியேறிவிட்டது. தெற்கே போக வேறு உத்தரவு வேண்டுமாம். இன்று காலை ஜெயராமன் சார் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பிச் சொன்னார். அம்மை இருக்கும் வீட்டில் கால் வைத்த பிறகும், முதல் மூன்று நாலு நாளுக்குள் பால் வைத்துவிட்டால் குழந்தை பிழைத்துக்கொள்ளும். கட்டுப் போட்ட கையோடு தானே ரோட்டு முனைக்கு வருகிறாராம், புதுக் குழல்களோடு. திருக வேண்டிய கை மட்டும் என்னுடையது.

அம்பலத்திடம் போய் நின்றேன். நேற்றுக் கத்தி திருகிய இடத்தில் அவர் கையிலும் துணிக்கட்டு.

"நீ தாண்டக் கூடாதும்மா. நீ இந்த ஊரு மருமக. காப்பு ஒன்னையும் கட்டும்."

"முந்தாநாள் என்னைப் பினாங்குக்காரின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது ஒன்ன அடிக்காம விடணும்னு சொன்னது. தாண்டுனேன்னா அப்புறம் ஊருக்குள்ள கால் வைக்கக் கூடாது. ஒம் புருசனும் சேத்துத்தான்."

அத்தை இதைக் கேட்டதிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைத்தார். கருப்பையா கயிற்றுக் கட்டிலில் மூச்சுக்கு மூச்சு முனகிக்கொண்டு கிடந்தான். நான் அந்தப் பக்கமே போகவில்லை. அவனாகத்தான் கூப்பிட்டான்.

"போறீகளா மயினி?"

கட்டில் ஓரத்தில் போய் நின்றேன்.

"நான் தாண்டுனா ஊரையே ஆத்தா கேப்பா. நீங்க தாண்டுனா அது ஒங்களோட போயிரும். நீங்க வெளிய இருந்து வந்தவுகதான." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "பயலுக்கு இடது கையில வைங்க மயினி. வலது கை துடுப்புப் பிடிக்கிற கை. அதுல புண்ணு வேணாம்."

விடிந்ததும் போகிறேன். இதை எழுதி எடுத்துக்கொண்டு போய் ரோட்டு முனையில் ஜெயராமன் சாரிடம் கொடுத்தால், அவர் தபாலில் சேர்ப்பார். அந்த வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும் வள்ளி பயலை மறைப்பாள். அவள் தாயார் விறகுக்கட்டையை எடுத்தாலும் எடுப்பார். பேசப் போவதில்லை. அவர்கள் கண் முன்னால் முதலில் என் கையில் திருகிக் காட்டுவேன். பிறகு வள்ளி. பிறகு பயலின் இடது கை.

எல்லையில் இரண்டு பனைகளுக்கு நடுவே வேப்பிலைக் கயிறு கட்டியிருக்கிறார்கள். இன்று பொழுது சாயும்போது போய்ப் பார்த்தேன். இடுப்பு உயரம் இருக்கிறது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் வரை நான் பினாங்குக்காரி. அந்தப் பக்கம் போனதும் காப்பை மீறிய இந்த ஊர் மருமகள் ஆகிவிடுவேன். இலை எதுவும் மேலே படாமல் குனிந்து போக முடியுமா என்று ஒரு தடவை குனிந்து பார்த்தேன். முடிகிறது.