பல் டாக்டருக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்?

கொரோனா அடங்கி, நோயாளிகள் பயமில்லாமல் வாயைத் திறக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. கள்ளக்குறிச்சியில் எனக்குச் சின்னதாக ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து காலை பஸ்ஸில் இறங்குகிறவர்கள் நான் வருவதற்கு முன்பே வாசலில் நிற்பார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில்தான் என் கடல்மீன் தொட்டி இருந்தது.

சாதாரண மீன் தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர், கடல் பாறை, மெத்தென்ற பவளங்கள், பூப்போல விரியும் கடல் சாமந்தி என்ற உயிரினம் ஒன்று, அதற்குள்ளேயே குடியிருக்கும் கோமாளி மீன் ஜோடி, நீல மீன் ஒன்று, சிவப்புக் கோடு போட்ட இறால் ஒன்று, கண்ணாடியில் ஊரும் நத்தைகள். கடலே இல்லாத ஊரில் இதையெல்லாம் உயிரோடு வைத்திருப்பது லேசான வேலை இல்லை. ஊசியைப் பார்த்தாலே நடுங்குகிறவர்கள்கூட அந்தத் தொட்டியின் முன்னால் கொஞ்ச நேரம் பயத்தை மறந்திருப்பார்கள்.

நோயை முதலில் பார்த்தது, தாடை வீங்கி வந்திருந்த ஒரு வெள்ளிமலைப் பெண்மணி. “இந்த ஊதா மீனுக்கு இன்னா ஆச்சிங்க? கல்லுலயே ஒரசிக்கினு இருக்குது” என்றார். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நீல மீனின் உடம்பு முழுக்க உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். கோமாளி மீன்களின் துடுப்பிலும் இருந்தன.

அது ஒட்டுண்ணி. மீனின் தோலிலும் செவுளிலும் புகுந்து வளரும். பிறகு உதிர்ந்து, பாறை இடுக்கில் பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும். செம்பு கலந்த மருந்து அதைக் கொல்லும். ஆனால் அதே மருந்து பவளத்தையும் இறாலையும் நத்தையையும் சேர்த்துக் கொன்றுவிடும். அதனால் மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து கொடுக்க வேண்டும். மீனே இல்லாமல் பெரிய தொட்டியைச் சில வாரங்கள் விட்டுவைத்தால் அங்கே இருக்கும் ஒட்டுண்ணி தானாகச் செத்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் தனித் தொட்டி, காற்று மோட்டார், மருந்து மூன்றையும் கொண்டுவரச் சொல்லி, வழக்கமாக உப்பு வாங்கும் மீன் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

அவர் வந்தபோது நான் ஒருவருக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தேன். அன்று பள்ளி விடுமுறை என்பதால் ஆசிரியரான என் கணவர் கூடத்தில் இருந்தார். கையுறையோடு வெளியே வந்து, “பெரிய தொட்டில மருந்து ஊத்தாதீங்க. சின்னதை மட்டும் ரெடி பண்ணுங்க, நான் வந்து மீனை மாத்திக்கிறேன்” என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

“மேடம் பல்லுக்கு டாக்டரு சார். மீனுக்கு நாங்கதான்.”

என் கணவரும் சிரித்தார். எனக்கு உள்ளே எரிந்தது. ஆனால் நாற்காலியில் ஒரு மனிதர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். சொன்னதையே இன்னொரு முறை அழுத்திச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வேலை முடிந்து வந்தபோது அவர் கிளம்பிவிட்டிருந்தார். சின்னத் தொட்டி பிரிக்கப்படாமலே கிடந்தது. மருந்து பெரிய தொட்டிக்குள் போயிருந்தது. “மீனைப் புடிக்கிறேன்னு பாறையெல்லாம் கலைச்சா பயத்துலயே செத்துடுமாம். கம்மியாதான் ஊத்தியிருக்காராம், ஒன்னும் ஆவாதுன்னாரு” என்றார் என் கணவர்.

என்னால் முடிந்த அளவுக்குத் தண்ணீரை மாற்றினேன். மருந்தை உறிஞ்சட்டும் என்று கரியும் போட்டேன். பயனில்லை. மறுநாள் காலையில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து கிடந்தன. இறால் மல்லாந்திருந்தது. கடல் சாமந்தி கரைந்து, தண்ணீர் பால்போலக் கலங்கி நாறியது. செத்தவற்றின் நஞ்சில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

மத்தியானம் கடைக்காரர் வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சமும் கூசாமல் என் கணவரிடம் சொன்னார்: “மேடம் ரூம்ல அடிக்கிற ஸ்பிரே தண்ணில கலந்துடுச்சி சார். அதான்.”

மூன்று நோயாளிகள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் மருத்துவமனையில், என் தொட்டியின் முன்னால், அவர் கொன்றதற்கு நான் காரணமாம். என் கணவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “தொட்டி அவங்களது. அவங்ககிட்ட பேசுங்க.”

அதற்குப் பிறகும் அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, “நான் இன்னா வேணும்னா பண்ணேன்?” என்றார்.

“வேண்டாம்னு ரெண்டு தடவை சொன்னேன். உங்க காதுல விழுந்துச்சு. கிளம்புங்க” என்றேன்.

அன்றே புது உப்புத் தண்ணீர் கலந்தோம். வாளி வாளியாக என் கணவர் சுமந்தார். மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி, மருந்தின் அளவைத் தினமும் சோதித்து, நான் முதலில் சொன்ன அதே வழியில் சிகிச்சை கொடுத்தேன். நீல மீன் தாங்கவில்லை. கோமாளி மீன்கள் பிழைத்தன. பாறையில் செம்பு ஊறிவிட்டதால் இனி அதில் பவளம் வைக்க முடியாது என்று எல்லாவற்றையும் எடுத்துப் போட வேண்டியதாயிற்று.

சில மாதங்கள் கழித்து சின்னசேலத்தில் ஒரு தோழியைப் பார்த்தேன். அவளும் கடல்மீன் தொட்டி வைக்கப்போகிறாளாம். “ஒருத்தர் இருக்கார், உங்க ஊர்ல ஒரு பல் டாக்டரோட மீனையெல்லாம் சாகக் கெடந்த நேரத்துல காப்பாத்தினாராம்” என்றாள். யார் என்று கேட்கவே தேவையில்லை. அங்கேயே நின்று அவருக்குப் போன் செய்தேன். “மீனு பொழச்சிச்சி இல்ல மேடம்? அப்புறம் இன்னா?” என்று வைத்துவிட்டார்.

இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. இப்போதெல்லாம் என் நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்து, எந்தப் பல் வலிக்கிறது என்று நான் கேட்கும்போது கூட வந்தவர் முந்திக்கொண்டு பதில் சொன்னால், கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, அந்தப் பெண் தானே வாய் திறந்து சொல்கிற வரைக்கும் காத்திருக்கிறேன்.