மாக்கோலக் கையும் ஹிரகானாவும்

ஜப்பானில் வேலை பார்க்கும் என் மகன் அங்கேயே பெண் பார்த்துக்கொண்டான். கல்யாணத்துக்குப் பெண்ணின் அம்மா மயிலாப்பூருக்கு வருகிறார், ஜப்பானிய மொழி தவிர வேறெதுவும் தெரியாது என்றான். "நீ கவலைப்படாதம்மா, நான் பக்கத்துல நின்னு ரெண்டு பேருக்கும் மாத்திச் சொல்லிடறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சம்பந்தியம்மாள் முன்னால் நான் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க, பெற்ற பிள்ளை எனக்காகப் பேசுவதா?

அந்தச் சனிக்கிழமையே தி. நகரில் ஒரு ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தேன். முதல் பாடம் ஹிரகானா எழுத்துகள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகனைவிட வயது குறைவு. உச்சரிப்பு சீக்கிரமே வந்துவிட்டது. எழுத்துதான் படுத்தியெடுத்தது. கல்யாணமான நாளிலிருந்து மாக்கோலம் போட்ட கை. ஈர மாவு மோதிர விரல் வழியாக இறங்கும்; நடுவில் கையை எடுத்தால் சொட்டிவிடும். ஹிரகானாவிலோ ஒரு கோட்டை முடித்து, கையை எடுத்து, அடுத்ததைத் தொடங்க வேண்டும். 'கோ' என்றால் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, அவ்வளவுதான். நான் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டே வந்தன.

"ஆன்ட்டி, கைய எடுங்க."

"எடுத்தா சொட்டிடும்மா."

வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சமையல் மேடையில் கோதுமை மாவைப் பரப்பி, விரலால் எழுதி எழுதிப் பார்த்தேன். சப்பாத்தி தாமதமானதற்கு என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சம்பந்தி வரும் நாள் காலையில் வாசல் நிறைய மாக்கோலம் போட்டுச் செம்மண் கரை கட்டினேன். நல்வரவு எழுதும் இடத்தில், அதே அர்த்தமுள்ள 'யோக்கோஸோ'வை ஹிரகானாவில் எழுதினேன். அதை மட்டும் உலர்ந்த கோலமாவில். நாலு எழுத்தும் அச்சாக நின்றன. பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

சம்பந்தியம்மாள் படியேறி வந்தவர் கோலத்தருகே நின்றுவிட்டார். குனிந்து, எழுத்தெழுத்தாக வாய்விட்டுப் படித்தார். பிறகு மகனிடம் ஏதோ கேட்டார்.

"இந்தக் கட்டடத்துல ஜப்பான்காரங்க யாராவது இருக்காங்களான்னு கேக்கறாங்கம்மா. யார் எழுதினதாம்?" என்றவன், பதில் சொல்ல அவர் பக்கம் திரும்பினான்.

"நீ சும்மா இரு," என்றேன். 'நான்' என்பதற்கு அவர்கள் மொழியில் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர் கண்ணைப் பார்த்து, நெஞ்சில் விரல் வைத்துச் சொன்னேன்.

"வதாஷி."

எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றிருந்த மகன் ஓரமாக நகர்ந்துகொண்டான்.