காலைப் பேப்பரில் ஒரு தாள் குறைந்தது

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நான் டீ குடிக்கிற கடையில் கொஞ்ச நாளாக ஒரு விசித்திரம். பேப்பர் வருகிறது, சில நாள் அதில் ஒரு தாள் மட்டும் இருப்பதில்லை. வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை. நான்தான் அதை பெஞ்சுக்கு அடியில்கூடக் குனிந்து தேடினேன்.

நான் ஒடிசாவின் கஞ்சாமிலிருந்து வந்து இங்கே இரும்பு ஆலையில் வேலை பார்ப்பவன். பேச்சுத் தமிழ் தானாக வந்தது. படிக்கக் கற்றுக்கொடுத்தது பயம். என்னைப் போல ரயிலேறி வந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? எங்காவது திருட்டு நடந்து ‘வடமாநில வாலிபர் கைது’ என்று வந்துவிட்டால் போதும், அன்றைக்கு ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். அதனால் ஷிஃப்டுக்கு முன்பே போய், விரலை வைத்து எழுத்துக்கூட்டி அந்த வார்த்தையைத் தேடுவேன். தேடித்தேடியே வேகமாகப் படிக்க வந்துவிட்டது. எங்கள் ஊரில் கம்பளி விற்க வந்த வெளியூர்க்காரனை நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். அவன் தெருவைத் தாண்டுகிறவரை அம்மா கதவைத் திறக்க மாட்டாள். அதை நினைத்தால் இங்கே யார்மீதும் முழுசாகக் கோபப்படவும் முடிவதில்லை.

கடை செல்வி அக்காவுடையது. அவர் வீட்டின் பின்னறையை வாடகைக்குத் தருவதாகச் சொன்னதை நம்பித்தான் மனைவி சபிதாவை ஊரிலிருந்து அழைத்துவர இருந்தேன். இப்போது தாளைக் காணோம். எங்கள் ஆட்களைப் பற்றி ஏதோ வந்திருக்கிறது, அக்கா மறைக்கிறார், அறையும் போச்சு என்றே நினைத்தேன்.

ஒருநாள் அவர் தாளை உருவி பஜ்ஜித் தட்டுக்கு அடியில் சொருகுவதைப் பார்த்துவிட்டேன்.

“இன்னாக்கா ஒளிக்கிறீங்க?”

“அய்ய, எனக்கு இன்னா படிக்கவா தெரியும்? போலீசு நிக்கிற படத்துல உங்க ஆளுங்க மூஞ்சி மாரி இருந்தா எடுத்துடுவேன். இவனுங்க பாத்துட்டு உன்ன மொறச்சிகினு இருப்பானுங்க. பேஜாரு.”

எனக்காகத்தான் ஒளித்திருக்கிறார். ஆனாலும் படத்தில் இருப்பது எங்கள் ஆள்தானா என்ற சந்தேகம் விடவில்லை. தாளை வாங்கி, எழுத்துக்கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன். சங்கிலி பறித்தவன் ஊத்துக்கோட்டைக்காரன்.

“இவன் எங்க ஆளு இல்லக்கா. ஊத்துக்கோட்டை.”

“அட, நம்ம பையனா? தாடிய பாத்துட்டு இந்திக்காரன்னு நெனச்சிகினேன்!”

என் மொழி ஒடியா என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

“பொண்டாட்டிய கூட்டிகினு வா, ரூமு உனக்குத்தான்” என்று சிரித்தபடியே அக்கா தாளை பெஞ்சில் போட்டார். அதை மறைக்க இனி அவசியமில்லை. ஷிஃப்டுக்காரர்கள் வந்தார்கள், படித்தார்கள், உச்சுக்கொட்டினார்கள். தினமும் ஊத்துக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் ஆலை ஃபிட்டர் அவர்கள் நடுவில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தார். யாரும் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருடன் எங்கள் ஆள் இல்லை என்ற நிம்மதியோடு கிளாஸை வாங்கிக்கொண்ட நான், அவர்களோடு நெருங்கி உட்காருவதா, தள்ளி உட்காருவதா என்று தெரியாமல் பெஞ்சின் ஓரத்தில் நின்றேன்.