மருந்து மெசினுக்கு வைத்த சந்தனம்

பிள்ளைகளே, மலாயாவில் வெள்ளைக்கார சர்க்கார் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் நான் மலாக்காவுக்கு வடக்கே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. எஸ்டேட்டை ஒட்டி வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு பழத்தோட்டம் இருந்தது. பம்ளிமாஸ், எலுமிச்சை. அந்த மரங்களில் நோய் விழுந்ததும், எஞ்சின் வைத்து மருந்து தெளிக்கும் மெசின் ஒன்றை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். ஆறாம் வகுப்புத் தமிழும் நாலு வார்த்தை இங்கிலீசும் தெரிந்தவன் என்று என்னை அதற்கு ஆளாகப் போட்டார்.

மெசின்காரன் ஆனதும் என் மதிப்பு ஏறிவிட்டது. அதுவரை என்னைத் திரும்பியும் பார்க்காத கங்காணி, அதாவது உங்கள் அம்மாவின் அப்பா, "மரம் வெட்டுறவனுக்குப் பொண்ணு இல்ல. மெசின்காரனுக்குன்னா யோசிக்கலாம் லா" என்று சொல்லி அனுப்பினார். மெசின் ஓடினால் கல்யாணம், ஓடாவிட்டால் மறுபடி பால் வாளி.

பூசை போடாமல் எஞ்சினைத் தொடக்கூடாது என்று கங்காணி பிடிவாதம் பிடித்தார். மெசினோ எங்கள் குடியிருப்பைச் சுற்றி சர்க்கார் போட்டிருந்த கம்பி வேலிக்கு வெளியே இருந்தது. கேட்டில் சோல்ஜர்கள் மடியைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். சாப்பிடும் பொருள் எதுவும் காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடக்கூடாதாம். தேங்காய் போயிற்று, வாழைப்பழம் போயிற்று, பொங்கலும் போயிற்று. பிள்ளையாருக்குப் படைப்பதையும் கம்யூனிஸ்டுக்குப் படைப்பதையும் சர்க்காரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. சந்தனத்தை யாரும் தின்னமாட்டார்கள் என்று அதை மட்டும் விட்டார்கள்.

"படையல் இல்லாத குறைக்குச் சந்தனத்தத் தாராளமா வச்சிருவோம் தம்பி," என்றார் கங்காணி. எஞ்சினுக்கு வைத்தார், சக்கரத்துக்கு வைத்தார். குழாய் முனையில் மருந்து வருகிற சின்ன ஓட்டைகளைப் பார்த்து, "கண்ணு மாதிரியே இருக்கு," என்று அங்கேயும் அப்பினார். நான் தடுக்கவில்லை. பெண் கொடுக்கப்போகிறவர் கையை யார் தட்டிவிடுவார்கள்?

வெயிலில் சந்தனம் நன்றாகக் காய்ந்த பிறகு துரை வந்தார், வெள்ளை அரைக்கால் சட்டையோடு. எஞ்சினை முடுக்கினேன். சத்தம் வந்தது, மருந்து வரவில்லை. துரை குனிந்து பார்த்த நேரம், ரப்பர் குழாய் இணைப்பிலிருந்து பிய்த்துக்கொண்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்தை அவர் மேல் பீச்சியடித்தது. கிருஷ்ணர் வேசம் கட்டியவனுக்குக்கூட நீலம் அவ்வளவு நன்றாகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவர் முனையை ஊசியால் குத்தினார். சந்தனம் உதிர்ந்தது. யார் வேலை இது என்று மலாயில் கேட்டார்.

கங்காணி மரத்திலிருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சொன்னால் மெசின் எனக்கே இருக்கும், பெண் போய்விடும். நானே என்று சொன்னால் மெசின் போகும், பெண்ணும் போகலாம். தியாகம் கியாகம் எதுவும் இல்லை. மெசினோடு குடும்பம் நடத்த முடியாது, அவ்வளவுதான்.

"நான்தான் துரை," என்றேன். அன்றைக்கே என்னை மரம் வெட்டத் திருப்பிவிட்டார்.

கேட்டை நோக்கி நடக்கும்போது கங்காணி எட்டி நடந்து என்னோடு சேர்ந்துகொண்டார்.

"நாளைக்கு வீட்டுக்கு வாங்க மாப்ள," என்றார். "மரம் வெட்டி முடிச்சுக் குளிச்சிட்டு வாங்க. ரப்பர்பால் நாத்தம் அவளுக்கு ஆகாது."